கவிழ்த்த துப்பாக்கியும் இரும்புத் தொப்பியும்

1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அடுத்த குடியரசு நாளுக்கு 41 நாள்களே இருந்தன. அதற்குள், அந்த இந்திய-பாகிஸ்தான் போரில் உயிர்நீத்த வீரர்களுக்காகத் தில்லி இந்தியா கேட்டில் ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. 1972 ஜனவரி 26 அன்று இந்திரா காந்தி அதைத் திறந்துவைத்தார். அமர் ஜவான் ஜோதி பிறந்த கதை இது.

அதில் தளபதியின் சிலை இல்லை, வெற்றித் தூண் இல்லை. கறுப்புச் சலவைக்கல் மேடை, அதன்மேல் குழல் கீழ்நோக்க நிறுத்திய துப்பாக்கி, அதன் உச்சியில் ஓர் இரும்புத் தொப்பி, சுற்றிலும் நான்கு தீக்கலசங்கள். அவ்வளவுதான். போர்க்களத்தில் ஒருவன் விழுந்தால் தோழர்கள் அவன் துப்பாக்கியைத் தலைகீழாக மண்ணில் குத்தி, தொப்பியை அதன்மேல் மாட்டிவைப்பார்கள். அந்த வழக்கமே இங்கே கல்லேறியது. அலங்காரத்தை விலக்கி நவீனச் சிற்பிகள் தேடிய எளிமையைச் சிப்பாய்களின் துக்கம் முன்பே கண்டடைந்திருந்தது.

இடமும் பொருள் தந்தது. கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1931இல் திறக்கப்பட்ட இந்தியா கேட்டின் 42 மீட்டர் வளைவில் இருப்பவை, முதல் உலகப் போரிலும் ஆப்கன் போரிலும் பிரிட்டனுக்காக மடிந்த இந்திய வீரர்களின் பெயர்கள். பேரரசு எழுப்பிய வளைவைச் சுதந்திர இந்தியாவின் அஞ்சலி மேடையாக்கியது கீழே எரிந்த அந்தத் தீ. முதலில் சிலிண்டர் எரிவாயு, 2006 முதல் குழாய் எரிவாயு என்று ஐம்பது ஆண்டு அணையாமல் காத்தார்கள்.

2019 பிப்ரவரி 25 அன்று அருகிலேயே தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் சென்னையின் யோகேஷ் சந்திரஹாசன். சுதந்திரத்துக்குப் பின் மாண்ட 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். 1971இல் மடிந்தவர்களின் பெயர்கள் இங்கேதான் இருக்கின்றன, இந்தியா கேட்டில் இல்லை என்று, ஜோதியை இடம்மாற்ற அரசு காரணம் சொன்னது. 2022 ஜனவரி 21 அன்று பழைய ஜோதியை எடுத்துச் சென்று நினைவகத்தில் எரியும் புதிய ஜோதியோடு சேர்த்தார்கள். மே மாதம் துப்பாக்கியும் தொப்பியும் அங்கே போய்ச் சேர்ந்தன.

பெயர் இருக்கும் இடத்தில் விளக்கு வேண்டும் என்பது நியாயம். ஆனால் தீயோடு தீ சேரும்; வளைவும் மேடையும் சுடரும் சேர்ந்து சொன்ன பொருளை வேறிடத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாது. ஐம்பது ஆண்டு தலைவர்களும் பொதுமக்களும் தலைவணங்கிய இடம் அது. புதிய நினைவகத்துக்காகப் பழையதை அணைத்திருக்க வேண்டியதில்லை. மாண்டவர்களுக்கு இரண்டு விளக்கு எரிவதால் எந்த நாடும் ஏழையாகிவிடாது.