நிகழ்படக் குறிவிலக்கி இயக்கி இடைமுகம்

நிகழ்படக் குறிவிலக்கி இயக்கி இடைமுகம் என்பது, வீடியோ டிகோடர் எனப்படும் குறிவிலக்கி வன்பொருளும் அதனைப் பயன்படுத்தும் மென்பொருளும் கட்டளைகளையும் தரவுகளையும் பரிமாறும் முறையை வரையறுப்பதாகும். செட்-டாப் பெட்டி, வாகனத் திரை போன்ற உட்பொதி முறைமைகளில், கருவியின் லினக்ஸ் கருனியைப் பிற்காலத்தில் இற்றைப்படுத்த இயலுமா என்பது இத்தெரிவைப் பெரிதும் பொறுத்துள்ளது.

தேவை

எச்.264, எச்இவிசி முதலிய முறைகளில் சுருக்கப்பட்ட நிகழ்படத்தை மையச் செயலியே விரித்தால் மின்செலவும் வெப்பமும் மிகும். எனவே பல சில்லுகளில் இப்பணிக்கெனத் தனி வன்பொருள் இடம்பெறுகிறது.

வகைகள்

லினக்ஸ் கருனியின் வீடியோ4லினக்ஸ்2 (வி4எல்2) இடைமுகத்தில் குறிவிலக்கிகள் இருவகைப்படும்.

* நிலைகாக்கும் வகை: பயன்பாட்டு மென்பொருள் பிட் ஓடையை அப்படியே அனுப்பும், சில்லிலுள்ள நிலைபொருள் அதனைப் பகுத்துப் படச் சட்டகங்களைத் திருப்பித் தரும். சாம்சங் எம்எஃப்சி, குவால்காம் வீனஸ் ஆகியன இவ்வகையின. பயன்படுத்துதல் எளிது. ஆனால் மூடிய நிலைபொருளிலுள்ள வழுவைச் சில்லு நிறுவனமே திருத்த வேண்டும்.
* நிலைகாக்காத வகை: வன்பொருள் முந்தைய சட்டகம் பற்றிய எதனையும் நினைவிற் கொள்ளாது. மென்பொருளே தலைப்புகளைப் பகுத்து, ஒவ்வொரு சட்டகத்துக்கும் உரிய அளவுருக்களை அனுப்ப வேண்டும். ஆல்வின்னர், ராக்சிப் சில்லுகள் பலவற்றில் இவ்வகை உள்ளது.

இரண்டாம் வகைக்கான கோரிக்கை இடைமுகம் 2018 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 4.20இல் சேர்க்கப்பட்டது. எச்.264க்கான கட்டுப்பாடுகள் 5.11 பதிப்பிலும் (2021), எச்இவிசிக்கானவை 6.0 பதிப்பிலும் (2022) நிலைப்படுத்தப்பட்டன. நம்பகமற்ற தரவைக் கருனிக்குள் பகுப்பது பாதுகாப்புக்குக் கேடு என்பதால் பகுத்தல் பணி பயனர் வெளிக்கு விடப்பட்டது.

பிற இடைமுகங்கள்

இன்டெல் உருவாக்கிய விஏ-ஏபிஐ, என்விடியா 2008இல் வெளியிட்ட விடிபிஏயு ஆகியன மேசைக் கணினிகளை முதன்மையாகக் கருதியவை. குரோனோஸ் குழுமத்தின் ஓப்பன்மேக்ஸ் ஐஎல், தொடக்ககால ராஸ்பெர்ரி பை கணினிகளில் பயன்பட்டது. சில நிறுவனங்கள் தமக்கே உரிய இடைமுகங்களையும் வழங்குகின்றன. அவற்றின் இயக்கிகள் முதன்மைக் கருனியில் இல்லையெனில், கருவி அந்நிறுவனம் தரும் பழைய கருனியிலேயே தேங்கி, பாதுகாப்புத் திருத்தங்களை இழக்க நேரிடும்.

தெரிவு செய்தல்

* முதலில் வன்பொருளின் இயல்பை அறிய வேண்டும். ராஸ்பெர்ரி பை 4இல் எச்.264 நிலைகாக்கும் வகையிலும், எச்இவிசி நிலைகாக்காத வகையிலும் இயங்குகின்றன. 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5இல் எச்.264க்கான வன்பொருள் குறிவிலக்கி இல்லை.
* இயக்கி முதன்மைக் கருனியில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
* பயன்பாட்டு மென்பொருளின் ஆதரவு தேவை. ஜிஸ்ட்ரீமர் 1.18 (2020) முதல் நிலைகாக்காத வகைக்கான செருகியைக் கொண்டுள்ளது.
* சட்டகங்களை நகலெடுக்காமல் திரைக்கு அனுப்ப இயல வேண்டும். 8 பிட் 4:2:0 வடிவில் 1920×1080 அளவுள்ள ஒரு சட்டகம் சுமார் 31 இலட்சம் பைட்டுகள். நொடிக்கு 30 சட்டகங்களெனில், ஒருமுறை நகலெடுப்பதற்கே 9.3 கோடி பைட்டுகளைப் படித்து மீண்டும் எழுத வேண்டும். லினக்ஸ் 3.3இல் (2012) அறிமுகமான டிஎம்ஏ-பஃப் வசதி இதனைத் தவிர்க்க உதவுகிறது.
* சிதைந்த ஓடை, இடையில் மாறும் படஅளவு ஆகியவற்றைக் கொண்டு சோதித்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

முதன்மைக் கருனியில் இயக்கி இருக்குமாயின், வன்பொருளின் இயல்புக்கேற்ற வி4எல்2 வகையே நெடுங்காலம் பராமரிக்க வேண்டிய கருவிகளுக்குப் பொருத்தமானதாகும்.