இரவு நேரப் பள்ளி விளையாட்டு: மங்கிய வெளிச்சத்தில் தெளிவாகப் படமெடுக்கும் வழிகள்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் மாலை 6.45 மணிக்கும் 7.20 மணிக்கும் இடையில் மறைந்துவிடுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு என்பதால் அந்தி வெளிச்சமும் நீடிப்பதில்லை. ஏறக்குறைய 20 நிமிடங்களில் இருட்டிவிடும்.

தேசியப் பள்ளி விளையாட்டுகளின் ஆட்டங்கள் பெரும்பாலும் வார நாள்களின் பிற்பகலில் நடப்பதால் வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலரால் அவற்றுக்குப் போக முடிவதில்லை. பாசிர் ரிஸ் போன்ற வட்டாரங்களில் அவர்களுக்குக் கிடைப்பது மாலைப் பயிற்சியின் கடைசி அரைமணி நேரம், விளக்கொளியில் நடக்கும் நட்புமுறை ஆட்டம் அல்லது உள்ளரங்கப் பூப்பந்து ஆட்டம்தான். அங்கு எடுக்கும் படங்களில் பிள்ளையின் முகம் கலங்கியோ கறுத்தோ போய்விட்டால் அந்தத் தருணம் மீண்டும் வாய்க்காது.

எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது?

நண்பகல் வெயிலில் ஏறக்குறைய 100,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். விளையாட்டு இடங்களுக்கான ஐரோப்பியத் தரநிலை ‘இஎன் 12193’, காற்பந்துத் திடலுக்கு உயர்நிலைப் போட்டி என்றால் 500 லக்ஸ், நடுத்தரப் போட்டிக்கு 200, பயிற்சிக்கும் பள்ளி விளையாட்டுக்கும் 75 என்று வகுத்துள்ளது. 75 லக்ஸ் விளக்கு போட்ட திடல் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும், கேமராவைப் பொறுத்தவரை அது வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஷட்டர் வேகமே முதலில்

வினாடிக்கு 6 மீட்டர் ஓடும் மாணவர், 1/60 வினாடியில் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். படம் கலங்குவதற்கு அதுவே காரணம். 1/500 வினாடியில் அவர் நகர்வது 1.2 சென்டிமீட்டர் மட்டுமே. காற்பந்து, ஓட்டம், கூடைப்பந்து ஆகியவற்றுக்கு 1/500 வினாடி தேவை. பூப்பந்து ‘ஸ்மாஷ்’, செப்பாக் தக்ராவ் உதை போன்றவற்றுக்கு 1/1000 வினாடி நல்லது.

அடுத்தது லென்ஸ். கேமராவுடன் சேர்த்து விற்கப்படும் ஜூம் லென்சுகள் பலவற்றில், முழுதாக ஜூம் செய்யும்போது துளை எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் விலை குறைவானது, உள்ளரங்கத்துக்குப் போதுமானது. திடலோரத்திலிருந்து எடுக்க 85 மில்லிமீட்டர் வசதி.

மீதியை ஐஎஸ்ஓ ஈடுகட்ட வேண்டும். எஃப் 2.8 துளை, 1/500 வினாடி என்ற அமைப்பில் தேவைப்படும் ஐஎஸ்ஓ ஏறக்குறைய இவ்வாறு அமையும்:

• 500 லக்ஸ்: 2,000
• 200 லக்ஸ்: 5,000
• 75 லக்ஸ்: 13,000

ஐஎஸ்ஓவை உயர்த்தினால் படத்தில் புள்ளிகள் தெரியும் என்று பலரும் தயங்குவதுண்டு. புள்ளிகளை மென்பொருள்கொண்டு ஓரளவு குறைக்கலாம். கலங்கிய முகத்தைத் திருத்துவது கடினம்.

கறுத்த முகமும் கேமராவின் கணக்கும்

தமிழ்ப் பிள்ளைகளின் படங்களில் இது முக்கியமானது. கேமரா தானாக வெளிச்சத்தைக் கணக்கிடும்போது, காட்சி முழுவதையும் சராசரியான சாம்பல் நிறமாகக் கருதுகிறது. வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை இருந்தால் படத்தை இருட்டாக்கும். அப்போது மாநிற முகமும் கறுப்பு முகமும் நிழலில் மூழ்கிவிடும். பின்னால் இரவு வானம் இருந்தால் இதற்கு நேர்மாறாகப் படத்தை வெளுக்கவைக்கும்.

இந்தச் சிக்கலுக்கு நெடிய வரலாறு உண்டு. படச்சுருள் காலத்தில் வண்ணத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் பல ஆண்டுகளாக இருந்தது வெள்ளையினப் பெண்ணின் உருவம். பல இனத்தவர் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது. எல்லாத் தோல் நிறங்களையும் சரியாகக் காட்டும் முயற்சியாக ‘ரியல் டோன்’ என்ற அம்சத்தை கூகல் 2021ல் பிக்சல் 6 திறன்பேசியில் அறிமுகப்படுத்தியது.

தீர்வு எளிது. ஆட்டம் தொடங்குமுன் பிள்ளையின் முகத்தை ஒரு படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். முகம் தெளிவாகத் தெரியும்வரை அமைப்பை மாற்றி, ‘மேனுவல்’ முறையில் அப்படியே வைத்துவிடலாம். சட்டை சற்று வெளுத்தாலும் பரவாயில்லை. இருட்டாக எடுத்துவிட்டுப் பின்னர் வெளிச்சம் கூட்டினால், கறுத்த தோலில்தான் புள்ளிகள் அதிகம் தெரியும். ‘ரா’ கோப்பாகச் சேமித்தால் நிறத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

மினுங்கும் விளக்குகள்

ஒரே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று மஞ்சளாகவும் மற்றொன்று இருட்டாகவும் இருப்பதுண்டு. சிங்கப்பூரின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில வகை விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. 1/500 வினாடி அந்தச் சுழற்சியில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே பிடிக்கும். 2014ல் வந்த கேனன் 7டி மார்க் 2 முதல் பல கேமராக்களில் ‘ஆன்டி ஃபிளிக்கர்’ வசதி உள்ளது. அது இல்லாவிட்டால், அசைவு குறைந்த தருணங்களை 1/100 வினாடியில் எடுக்கலாம்.

திறன்பேசி மட்டும் இருந்தால்

‘நைட் மோட்’ வேண்டாம். அது பல படங்களை ஒன்றுசேர்ப்பதால் ஓடும் பிள்ளை ஆவிபோலத் தெரிவார். ஜூம் செய்யாமல் 1எக்ஸ் பிரதான லென்சையே பயன்படுத்துவது நல்லது. பொதுவாக அதுவே அதிக ஒளியை வாங்கும். ஆட்டத்தின் வேகம் நொடிப்பொழுது குறையும் இடங்களும் உண்டு: தாவலின் உச்சி, பெனால்டி உதைக்கு முந்தைய நொடி, குழுவினர் தோள்சேர்த்து நிற்கும் நேரம். அப்போது 1/125 வினாடிகூடப் போதும்.

விளக்குக் கம்பம் படமெடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். அப்போதுதான் முகத்தில் ஒளி விழும்.

ஃபிளாஷும் அனுமதியும்

ஃபிளாஷ் கூடாது. தொலைவில் அது எட்டாது. அருகில் ஆட்டக்காரரின் கண்ணைக் கூசவைக்கும். பூப்பந்திலும் செப்பாக் தக்ராவிலும் ஒரு புள்ளியையே அது பறித்துவிடலாம்.

2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், குடும்பத் தேவைக்காகப் படமெடுக்கும் தனிநபருக்குக் கடமை எதையும் விதிப்பதில்லை. ஆனாலும் பள்ளி வளாகத்தில் பள்ளியின் விதியே செல்லும். முன்கூட்டியே பயிற்றுநரிடம் கேட்டுக்கொள்வது முறை. பிறர் பிள்ளையின் படத்தை, பெயரும் பள்ளிச் சீருடையும் தெரியும்படி சமூக ஊடகத்தில் போடுமுன் அவரின் பெற்றோரைக் கேட்க வேண்டும்.

ஒத்திகை பார்க்க ஆட்ட நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டுக்குக் கீழே உள்ள கூடைப்பந்துத் திடலில், இரவு விளக்கு எரியும்போது பிள்ளையை ஓடவிட்டு அரைமணி நேரம் எடுத்துப் பார்த்தாலே, தங்கள் கருவியால் எது முடியும், எது முடியாது என்பது பெற்றோருக்குத் தெரிந்துவிடும்.