அப்பாவின் பீரோவில் ஒரு துப்பாக்கி... அவருக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும்?

செய்யூர் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அதன்பிறகு பல வருடங்கள் வங்கிக் காவலாளி வேலை. அந்த வேலைக்காக முறைப்படி லைசென்ஸ் எடுத்து வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி, இரும்பு பீரோவில் பூட்டி இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார். தேர்தல் முடிந்ததும் திரும்ப எடுத்து வருவார். ஒருநாளும் பிரச்னை வந்ததில்லை.

அவர் இறந்துபோகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு மகன் பீரோவைத் திறக்கிறார். பட்டா, பென்ஷன் புத்தகம், எல்.ஐ.சி பத்திரம். அதற்குப் பின்னால் துணியில் சுற்றிய துப்பாக்கி.

"அது அப்பா ஞாபகமா அப்படியே இருக்கட்டும்ப்பா" என்கிறார் அம்மா.

நியாயமான ஆசைதான். ஆனால், சட்டப்படி அந்த வீட்டில் இருக்கும் யாருக்கும் இப்போது அதை வைத்திருக்க அனுமதி இல்லை. நேற்றுவரை உரிமத்துடன் இருந்த துப்பாக்கி, இன்று உரிமம் இல்லாத துப்பாக்கி.

உங்கள் வீட்டிலோ, உங்கள் தாத்தா வீட்டிலோ இப்படி ஒரு துப்பாக்கி இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

துப்பாக்கி சொத்து... லைசென்ஸ் சொத்து அல்ல!

பலரும் குழம்பும் இடம் இதுதான். துப்பாக்கி காசு கொடுத்து வாங்கிய பொருள். அதனால் நிலம், நகை மாதிரி அதன் மீதும் வாரிசுகளுக்கு உரிமை உண்டு. ஆனால், லைசென்ஸ் என்பது ஒரு தனிநபருக்கு அரசு தரும் அனுமதி. அந்த நபரோடு அது முடிந்துவிடும். 'என் துப்பாக்கி மூத்த மகனுக்கு' என்று உயிலில் எழுதி வைத்தாலும், மகன் தன் பெயரில் லைசென்ஸ் வாங்கும்வரை அதை வீட்டில் வைத்திருக்க முடியாது.

"லைசென்ஸ் இன்னும் ரெண்டு வருஷம் செல்லும்னு போட்டிருக்கே?" என்று கேட்கலாம். அந்தத் தேதி அப்பாவுக்கானது. உங்களுக்கானது அல்ல.

"நான் அதைத் தொடவே இல்லை, பீரோவில்தான் இருந்தது" என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆயுதம் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. அது இருப்பது தெரிந்து, அதன் மீது கட்டுப்பாடும் இருந்தாலே 'வைத்திருப்பது'தான். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டுகள், அதிகபட்சம் 5 ஆண்டுகள் சிறை.

முதல் சில நாள்களில் செய்ய வேண்டியவை

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 21 இதற்கு வழி சொல்கிறது. வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் முடிந்தாலும், தேவையில்லாத தாமதம் இன்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். காரியம் முடியட்டும், வருஷத் திதி முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

* பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்துப் பார்க்காதீர்கள். உள்ளே தோட்டா இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பழகாதவர்கள் தோட்டாவை வெளியே எடுக்க முயல்வதும் ஆபத்து. பூட்டியது பூட்டியபடியே இருக்கட்டும்.

* சாவியைப் பொறுப்பான ஒரே ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். துக்க வீட்டில் ஆள்நடமாட்டம் அதிகம். விடுமுறைக்கு வந்த குழந்தைகள் எல்லா அறைகளிலும் ஓடுவார்கள். சிலர் குடித்திருப்பார்கள். துக்கம் தாங்காமல் நொறுங்கிப்போன ஒருவர் அந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். சட்டத்தைவிட இதுதான் முக்கியமான காரணம்.

* உங்கள் எல்லைக்குரிய காவல் நிலையத்துக்கு முதலில் தகவல் சொல்லுங்கள். 'கொண்டுபோய் கொடுத்துடலாம்' என்று சாக்குப்பையில் சுற்றி பைக்கில் எடுத்துப் போகாதீர்கள். வழியில் சோதனையில் நிறுத்தினால், கையில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. எப்படி ஒப்படைப்பது என்று ஸ்டேஷனில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

* ஒப்படைக்கும்போது ரசீது கட்டாயம். துப்பாக்கியின் வகை, தயாரிப்பு, அதில் பொறித்திருக்கும் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். தோட்டாக்களை மறந்துவிடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் அவற்றையும் வைத்திருக்கக் கூடாது.

* வீட்டில் துப்பாக்கியைக் காணவில்லையா? பதறுவதற்கு முன் அப்பாவின் காகிதங்களில் ஸ்டேஷன் ரசீது இருக்கிறதா என்று தேடுங்கள். தேர்தல் நேரத்தில் ஒப்படைத்து, திரும்ப வாங்காமலே விட்டிருக்கலாம். ரசீதும் இல்லை என்றால் உடனே போலீஸில் சொல்லிவிடுங்கள்.

அதன்பிறகு... மூன்று வழிகள்

ஒப்படைத்துவிட்டதால் துப்பாக்கி கைவிட்டுப் போய்விடாது. முடிவெடுக்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

முதல் வழி, வாரிசு பெயரில் லைசென்ஸ். 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளில், விதி 25 இதற்கு இடம் தருகிறது. செய்யூர் போன்ற பகுதிகளுக்கு உரிமம் தரும் அதிகாரி, செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர். மாநகரக் காவல் ஆணையரகம் உள்ள ஊர்களில் காவல் ஆணையர். இறப்புச் சான்றிதழ், தாலுகா அலுவலகத்தில் இருந்து பெறும் வாரிசுச் சான்றிதழ், அப்பாவின் அசல் லைசென்ஸ், ஒப்படைத்த ரசீது, மற்ற வாரிசுகள் 'எங்களுக்கு ஆட்சேபனை இல்லை' என்று எழுதிய உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பிப்பவருக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழியும் தர வேண்டும். வாரிசு என்பதாலேயே லைசென்ஸ் நிச்சயம் என்று எண்ண வேண்டாம். மகள் கேட்கலாமா? தாராளமாக. ஆண் பிள்ளைக்குத்தான் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று 2019 திருத்தம் சொல்கிறது. பரம்பரையாக வருவதற்கும் இதில் விலக்கு இல்லை. ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கும் மகனுக்கு அப்பாவுடையது மூன்றாவதாகக் கிடைக்காது.

இரண்டாவது வழி, விற்பது. யாருக்கும் வேண்டாம் அல்லது யாருக்கும் தகுதி இல்லை என்றால், உரிம அதிகாரியிடம் அனுமதி வாங்கி, உரிமம் பெற்ற வியாபாரிக்கோ லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கோ விற்கலாம். 'பன்றி விரட்டக் கேட்டார்' என்று பக்கத்து நிலத்துக்காரருக்குக் கைமாற்றாகக் கொடுப்பது விற்பனை அல்ல, குற்றம்.

மூன்றாவது வழி, அரசிடமே விட்டுவிடுவது. வேண்டாம் என்றால் அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எதுவும் சொல்லாமல் இருந்தால், குறிப்பிட்ட காலம் முடிந்ததும் அரசுடைமையாக்க உத்தரவிட மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால், ஒப்படைக்கும் அன்றே 'எத்தனை நாளுக்குள் நாங்கள் முடிவு சொல்ல வேண்டும்?' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் ஞாபகம் என்று நினைத்த பொருளை, வெறும் கவனக்குறைவால் இழக்க வேண்டாம்.

"குடகுல லைசென்ஸே வேணாமாமே?" என்று யாராவது சொல்லலாம். அது குடகு மாவட்டத்தில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் மட்டும் தரப்பட்ட தனி விலக்கு. நமக்குப் பொருந்தாது.

துப்பாக்கி வைத்திருப்பவரே... இது உங்களுக்கு!

மேலே சொன்ன அலைச்சலில் பெரும்பகுதியை நீங்கள் இருக்கும்போதே குறைத்துவிடலாம். உங்களுக்கு 70 வயது ஆகியிருந்தால், அல்லது துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தால், நீங்கள் தேர்ந்தெடுக்கும் வாரிசு பெயருக்கு இப்போதே மாற்ற விண்ணப்பிக்கலாம். அதே விதி 25-ல் இதுவும் இருக்கிறது. பலருக்குத் தெரியாத வசதி இது. கண் பார்வை மங்கி, கை நடுங்க ஆரம்பித்த பிறகும் 'என் பெயரிலேயே இருக்கட்டும்' என்று பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மாற்ற விருப்பம் இல்லையா? ஒரு ஃபைல் போடுங்கள். அதில் இவை இருந்தால் போதும்:

* லைசென்ஸ் நகல், அதன் தனி அடையாள எண், முடியும் தேதி (இப்போது உரிமம் 5 ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது)
* துப்பாக்கி வாங்கிய ரசீது, துப்பாக்கியின் எண்
* வீட்டில் உள்ள தோட்டாக்களின் எண்ணிக்கை
* கடைசியாக ஸ்டேஷனில் ஒப்படைத்து, திரும்ப வாங்கிய ரசீதுகள்
* 'எனக்குப் பிறகு முதலில் இந்த ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்' என்று ஒரு பக்கக் கடிதம்
* யாருக்குப் போக வேண்டும், யாருக்கும் வேண்டாம் என்றால் விற்கலாமா என்ற உங்கள் விருப்பம்

ஃபைல் எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். துப்பாக்கி பீரோவின் சாவி மட்டும் வீட்டுச் சாவிக்கொத்தில் தொங்க வேண்டாம். தோட்டாக்களையும் துப்பாக்கியோடு வைக்காமல் தனியாகப் பூட்டி வையுங்கள்.

இதைப் பேசுவது சங்கடம்தான். "நல்லா இருக்கும்போதே ஏன் சாவைப் பத்திப் பேசறீங்க?" என்று அம்மா தடுப்பார். ஆனால், நீங்கள் பேசாமல் போனால், அந்த வீட்டில் துப்பாக்கியைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர்தான் ஒருநாள் அந்த பீரோவைத் திறப்பார். பெரும்பாலும் அது அம்மாவாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது, பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள். எந்த அலுவலகம், எந்த மேசை, எந்தக் காகிதம் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.