ஏரும் பள்ளியும்



‘படிப்பு ஏறாவிட்டால் மாடு மேய்க்கப் போ’ என்று வகுப்பறையில் சொல்லாத ஆசிரியர் அரியர். நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, உழவை நாடாத இளைஞரைச் சோம்பர் என்றும், நகரப் பகட்டில் மயங்கியவர் என்றும் மேடையிலே பழித்தும் இருக்கிறேன். வரலாற்றை நோக்கினால் அப்பழி நிலைப்பதில்லை.

காவிரி பாயும் தஞ்சையை எடுத்துக்கொள்வோம். அங்கே உழுதவன் வேறு, நிலமுடையவன் வேறு. பண்ணையாள் என்பவன் வாங்கிய கடனுக்கும் குடியிருந்த மனைக்கும் கட்டுண்டு, தலைமுறை தலைமுறையாக மிராசுதாரின் வயலில் உழைத்தவன். பிறர் பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதில் அவன் பிள்ளை மாட்டின் பின்னே போயிற்று. 1952-ஆம் ஆண்டிலேதான் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது வேலையிலிருந்து நீக்கும் வழக்கத்திற்கு அது தடை விதித்தது. நிலமோ அவனுக்கு வரவில்லை.

மறு ஆண்டே, 1953-இல், இராஜாஜியின் அரசாங்கம் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைச் சுருக்கியது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் தத்தம் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும் என்றது. இருக்கும் பள்ளிகளிலேயே முறைவைத்து மேலும் பல பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பதும் அதன் நோக்கந்தான். காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழிலுக்கு இடமுண்டு. (தக்ளியைக் கையால் தொடாமலே அக்கல்வியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி ஆசிரியர் தேர்வில் தேறியவன் நான்!) ஆயினும், அங்கே தொழிலைத் தருவது பள்ளி, இங்கே தருவது பிறப்பு. எதிர்த்தவர்கள் ‘குலக்கல்வி’ என்றே அதற்குப் பெயரிட்டனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பிலே உழவின்மேல் வெறுப்பை நான் காணவில்லை. ஏர் பிடிப்பவன் மகனும் ஏரைத்தான் பிடிக்க வேண்டும் என்ற விதியைத்தான் மக்கள் மறுத்தனர். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவனிடம் போய், ‘உழவை விரும்பு’ என்று எப்படிச் சொல்வது?

1978-இல் மேனிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்பிரிவுகளும் வந்தன. வேளாண்மையும் அவற்றுள் ஒன்று. அரிய வாய்ப்பு, ஆசிரியர்களாகிய நாங்களே அதனைக் கெடுத்தோம். தலைமையாசிரியனாக இருந்தபோது, மதிப்பெண் குறைந்தவர்களையே நான் அப்பிரிவுக்கு அனுப்பினேன். ஓர் ஆண்டு, நன்கு தேறிய மாணவன் ஒருவன் தானாகவே வேளாண்மை வேண்டும் என்று வந்து நின்றான். ‘உனக்கு எதற்குத் தம்பி இது?’ என்று கணிதப் பிரிவில் சேர்த்தேன். அதே முற்பகலில், குத்தகை உழவர் ஒருவரின் மகனை, அவன் கண்கலங்கி மறுத்தும், வேளாண்மையில் எழுதினேன்.

‘ஐயா, எங்கள் அப்பா உழுவதே ஊரார் நிலம். நான் இதைப் படித்து எந்த நிலத்தில் பயிர் வைப்பேன்?’ என்றான்.

நான் பதிவேட்டிலிருந்து தலை நிமிராமலே, ‘அடுத்த பையன் வரலாம்’ என்றேன்.