நான்கு டயர்களும் மூன்று பேரும்

கணினியில் கார் பந்தயம் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது 'நீட் ஃபார் ஸ்பீட்'தான். முழு வேகத்தில் வளைவுக்குள் நுழையலாம். சுவரில் உரசலாம். எதிரே வரும் வண்டியை இடித்துத் தள்ளலாம். அடுத்த நொடியே கார் ஒன்றும் நடக்காததுபோலப் பறக்கும். அதில் தப்பொன்றும் இல்லை. பரீட்சை முடிந்த சாயங்காலத்துக்கு அது போதும்.

இன்னொரு வகை உண்டு. அதில் முதன்முறை உட்காருகிறவருக்கு முதல் வளைவைத் தாண்டுவதே பெரும்பாடு. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அவசரமாக மிதித்தால் கார் பம்பரமாகச் சுற்றும். பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு நேராகப் புல்தரைக்குள் போகும். இதை விளையாட்டு என்று சொன்னால் ரசிகர்களுக்குக் கோபம் வரும். 'சிமுலேட்டர்' என்றுதான் சொல்ல வேண்டும்! அந்த வகையில் மூன்றே பேர் சேர்ந்து உருவாக்கிய ஒன்றின் கதை இது. பெயர் 'லைவ் ஃபார் ஸ்பீட்'. கார் எப்படி ஓடுகிறது என்பதோடு, சரியாக வரும்வரை பொருளை வெளியே விடமாட்டோம் என்று அடம்பிடித்தால் என்ன ஆகும் என்பதும் இந்தக் கதையில் இருக்கிறது.

முன்கதை

இந்தத் துறையின் தாத்தா என்று அமெரிக்காவின் பாப்பிரஸ் நிறுவனத்தைச் சொல்லலாம். டேவிட் கேமர் என்ற நிரலாளர் அதன் நிறுவனர்களில் ஒருவர். 1989-ல் அவர்கள் வெளியிட்ட 'இண்டியானாபொலிஸ் 500: தி சிமுலேஷன்', தலைப்பிலேயே தன்னைச் சிமுலேஷன் என்று அழைத்துக்கொண்டது. 1998-ல் வந்தது 'கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்'. 1967-ம் ஆண்டின் ஃபார்முலா ஒன் கார்கள் அதில் இருந்தன. அந்தக் காலக் கார்களில் இறக்கை கிடையாது. காற்றின் அழுத்தம் காரைத் தரையோடு சேர்த்து அமுக்காது. சுமார் 400 குதிரைத் திறன் கொண்ட எஞ்சினை நான்கு டயர்களின் பிடிமானத்தை மட்டுமே நம்பி ஓட்ட வேண்டும்.

அந்த நிலையை அப்படியே கணினிக்குள் கொண்டுவந்தார்கள். விளைவு? வாங்கியவர்களில் பலருக்கு ஒரு சுற்றைக்கூட ஒழுங்காக முடிக்க முடியவில்லை. எதிர்பார்த்த அளவுக்கு விற்பனையும் இல்லை. ஆனால் விட்டுப் போகாத ரசிகர்கள் வருடக்கணக்கில் புதிய பந்தயத் தடங்களையும் திருத்தங்களையும் தாங்களே செய்து அதை உயிரோடு வைத்திருந்தார்கள். உண்மைத்தன்மைக்கு வாடிக்கையாளர் குறைவு, ஆனால் வந்தவர்கள் போகமாட்டார்கள். 'லைவ் ஃபார் ஸ்பீட்' பிறந்தது இந்தச் சந்தையில்தான்.

மூன்று பேர், ஒரு கார் உலகம்

ஸ்கேவன் ராபர்ட்ஸ், எரிக் பெய்லி, விக்டர் வான் விளார்டிங்கன். இவர்கள்தான் அந்த மூவர். கார் ஓடும் விதத்துக்கான நிரல் ஸ்கேவனுடையது. தடங்களும் உருவங்களும் எரிக்கின் பொறுப்பு. இணையதளத்தையும் அதைச் சார்ந்த வேலைகளையும் விக்டர் பார்த்துக்கொண்டார். 2002-ல் முதல் சோதனைப் பதிப்பை இலவசமாக இணையத்தில் விட்டார்கள். 2003-ல் எஸ்1, 2005-ல் எஸ்2 என்று கட்டம் கட்டமாக வளர்ந்தது. கடையில் பெட்டியில் வைத்து விற்கவில்லை, பெரிய விநியோகஸ்தர் யாரும் பின்னால் இல்லை. ஒரு கட்டத்துக்கு 12 பவுண்டு. ஒருமுறை கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. பணம் கட்டாதவர்களுக்கும் பிளாக்வுட் என்ற தடமும் சில கார்களும் இலவசம். அதிலேயே இணையத்தில் மற்றவர்களோடு பந்தயமும் ஓட்டலாம்.

கார்களின் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். எக்ஸ்எஃப் ஜிடிஐ, எக்ஸ்ஆர் ஜிடி, ஆர்பி4, எஃப்எக்ஸ்ஓ டர்போ... எந்த ஷோரூமிலும் கிடைக்காத கற்பனைக் கார்கள். பெரிய கம்பெனிகளிடம் உரிமம் வாங்கப் பணம் வேண்டுமே! ஆனால் பெயர்தான் கற்பனை, நடத்தை அப்படியல்ல. எக்ஸ்எஃப் ஜிடிஐ முன்சக்கர இழுவை. வளைவில் வேகம் கூடினால் மூக்கு வெளியே தள்ளும். எக்ஸ்ஆர் ஜிடி பின்சக்கர இழுவை. அவசரப்பட்டால் வால் வெளியே வரும். ஆர்பி4 நான்கு சக்கர இழுவை. மூன்றையும் ஒரே வளைவில் ஒரே மாதிரி ஓட்டினால் மூன்று விதமான தண்டனை கிடைக்கும்.

கற்பனைக் கார்களுக்கு நடுவே சில நிஜக் கார்களும் உண்டு. அவற்றில் இரண்டு, மாணவர்கள் கட்டியவை. எம்ஆர்டி5 என்பது கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக மாணவர் அணி போட்டிக்காகச் செய்த கார். ரேஸ்அபவுட் என்பது பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களின் படைப்பு. இவற்றோடு 2006-ல் பிஎம்டபிள்யூ சாபர் எஃப்1.06, அதாவது அந்த வருடம் உண்மையிலேயே ஃபார்முலா ஒன்னில் ஓடிய கார், வந்து சேர்ந்தது. மூன்று பேர் கொண்ட குழுவுக்கு அது சாதாரண அங்கீகாரம் அல்ல.

உண்மை எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரு காரும் சாலையும் தொட்டுக்கொள்ளும் இடம் எவ்வளவு இருக்கும்? டயர் ஒன்றுக்குச் சுமார் ஓர் உள்ளங்கை அளவு. எஞ்சின், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் என்ன கட்டளை போட்டாலும் அது இந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் சாலைக்குப் போக வேண்டும். அங்கே ரப்பர் நசுங்குகிறது, முறுகுகிறது, பாதி ஒட்டிக்கொண்டும் பாதி வழுக்கிக்கொண்டும் இருக்கிறது, சூடாகிறது, தேய்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில்.

'லைவ் ஃபார் ஸ்பீட்' ரசிகர்கள் பெருமையாகச் சொல்லும் அம்சங்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். திரையில் எஃப்9 பட்டனைத் தட்டினால் நான்கு டயர்களின் வெப்பமும் தேய்மானமும் தெரியும். டயரின் உள்ஓரம், நடு, வெளிஓரம் எல்லாம் ஒரே மாதிரி சூடாவதில்லை. சக்கரத்தை அதிகமாகச் சாய்த்து வைத்தால் உள்ஓரம் மட்டும் கொதிக்கும். குளிர்ந்த டயர் பிடிக்காது. அளவுக்கு மீறிச் சூடானதும் பிடிக்காது. பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் அந்த இடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்துவிடும். புல்தரையில் ஏறி இறங்கினால் டயரில் மண் ஒட்டும். அடுத்த வளைவில் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வந்த பதிப்புகளில் கிளட்ச்சும் சூடாக ஆரம்பித்தது. கார் ஒவ்வொன்றுக்கும் அதன் கியர்பாக்ஸ் எப்படியோ அப்படித்தான் கியர் மாற்ற வேண்டும் என்றானது. ஐந்தாவது கியரில் போகும்போது தவறி இரண்டாவதில் போட்டால் எஞ்சின் அடிபடும். சுவரில் இடித்தால் சஸ்பென்ஷன் வளைந்து, நேரான சாலையிலும் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

சிமுலேட்டரின் உண்மைத்தன்மை என்பதற்குச் சுருக்கமான விளக்கம் இதுதான்: செய்ததற்குப் பலன் வர வேண்டும். மூன்றாவது சுற்றில் செய்த அவசரம் பத்தாவது சுற்றில் டயராக வந்து நிற்க வேண்டும். பளபளப்பான பெயின்டும் கண்ணாடியில் தெரியும் மேகமும் இதைத் தராது.

இணையம் என்ற இன்னொரு சிக்கல்

தனியாக ஓட்டுவது ஒரு கஷ்டம் என்றால், இணையத்தில் இன்னும் இருபது பேரோடு ஓட்டுவது வேறு கஷ்டம். ஒவ்வொருவரின் காரையும் அவரவர் கணினிதான் நுணுக்கமாகக் கணக்கிடுகிறது. கார் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம் என்ற தகவல் மற்றவர்களுக்கு நொடிக்குச் சில முறைதான் போகும். நடுவில் உள்ள இடைவெளியை ஊகித்து நிரப்ப வேண்டும். இணைப்பு மந்தமானால் பக்கத்துக் கார் தாவித் தாவிப் போகும். இரண்டு கார்கள் உரசினால் யார் எங்கே இருந்தார் என்பதில் இரண்டு கணினிகளுக்கும் கருத்து வேறுபாடு!

அதனால் இங்கே நாகரிகமும் ஒரு தொழில்நுட்பம்தான். முன்னால் போகிறவருக்கு இடம் விடுவது, ஒரு சுற்று பின்தங்கியவர் ஒதுங்கி வழிவிடுவது போன்ற பழக்கங்கள் உண்மைப் பந்தயத்திலிருந்து வந்தவை. நெடுந்தூரப் பந்தயங்களில் பிட் நிறுத்தத்தில் ஒருவர் இறங்கி, வேறு ஊரில் வேறு கணினி முன் இருக்கும் கூட்டாளி அதே காரில் ஏறி ஓட்டும் வசதியும் வந்தது.

வராத கார்

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதையில் திருப்பம் ஃபோக்ஸ்வேகன் சிரோக்கோ. அந்தக் காரின் புதிய மாடலைச் சேர்க்கப்போவதாக 2008-09 காலத்தில் அறிவிப்பு வந்தது. படங்களும் வெளியாயின. ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

கார் வரவில்லை. டயர் கணக்கை அடியோடு திருத்தி எழுதிக்கொண்டிருப்பதே தாமதத்துக்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. மாதங்கள் வருடங்களாயின. பத்தாண்டு கடந்தும் சிரோக்கோ வரவில்லை. ரசிகர்களிடையே அந்தப் பெயரே கேலிச்சொல் ஆனது. பலர் வேறு சிமுலேட்டர்களுக்குப் போய்விட்டார்கள்.

டயர் கணக்கு ஏன் அவ்வளவு கடினம்? நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசேக்கா பெயரோடு சேர்ந்த 'மேஜிக் ஃபார்முலா' என்ற சூத்திரம் வாகனத் துறையில் பிரபலம். டயரை இயந்திரத்தில் வைத்து அளந்து, அந்த அளவுகளுக்குப் பொருந்தும் வளைகோட்டை வரைவது அதன் வழி. அளந்த எல்லைக்குள் நன்றாக வேலை செய்யும். ஆனால் பந்தயக்காரர் அந்த எல்லைக்குள்ளேயேவா இருப்பார்? முழுக்கச் சறுக்கும்போது, டயர் கொதிக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கோட்டை நீட்டி ஊகிக்க வேண்டும். ரப்பரின் இயல்பிலிருந்தே தொடங்கிக் கணக்கிடப் போனால், ஒன்றைச் சரி செய்ய இன்னொன்று இடறும்.

இதே சுவரில் முட்டிக்கொண்ட இன்னொருவர் பாப்பிரஸ் புகழ் டேவிட் கேமர். அவர் தொழிலதிபர் ஜான் ஹென்றியோடு 2004-ல் தொடங்கிய ஐரேசிங், 2008-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2011-ல் புதிய டயர் மாதிரியை அறிமுகப்படுத்தினார்கள். அதில் குறைகள் இருந்தன. அதன் பிறகும் பலமுறை திருத்தினார்கள். ஒரு வித்தியாசம்: ஐரேசிங் சந்தா முறையில் இயங்குவது. பெரும்பாலான கார்களுக்கும் தடங்களுக்கும் தனித்தனி விலை. குறையோடு வெளியிட்டு, வரும் பணத்தில் திருத்திக்கொண்டே போக அவர்களால் முடிந்தது.

வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இருவருக்கும் இருந்த இயற்பியல் சிக்கல் ஒன்றுதான். வருமானம் வந்த வழிதான் வேறு. சந்தா நிறுவனத்துக்குப் பழைய வாடிக்கையாளரே மாதாமாதம் சம்பளம் தருகிறார். ஒருமுறை விற்பவர், பழைய வாடிக்கையாளருக்காக எத்தனை வருடம் உழைத்தாலும் புதிதாக ஒருவர் வாங்கினால்தான் காசு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழி மென்பொருளுக்கும் பொருந்தும் போல!

ஏட்டுச் சுரைக்காயா?

இத்தனை பாடுபட்டுச் செய்த கணக்கு நிஜச் சாலையில் உதவுமா? இரண்டு பேரைப் பார்க்கலாம். பின்லாந்தின் கிரெகர் ஹுட்டு ஐரேசிங்கில் உலக சாம்பியன். சுமார் 2010-ல் 'டாப் கியர்' பத்திரிகை அவரை அமெரிக்காவின் ரோடு அட்லாண்டா தடத்தில் நிஜப் பந்தயக் காரில் உட்கார வைத்தது. எங்கே பிரேக் போடுவது, எந்தக் கோட்டில் போவது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. உடம்புதான் ஒத்துழைக்கவில்லை, வளைவுகளின் விசை தாங்காமல் வாந்தி எடுத்துவிட்டார். அமெரிக்காவின் வில்லியம் பைரன் ஐரேசிங்கில் பழகிய பிறகே நிஜப் பந்தயத்துக்கு வந்தவர். அவர் 2024, 2025 என இரண்டு வருடம் தொடர்ந்து டேடோனா 500 பந்தயத்தை வென்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் பாதி உதவுகிறது. மூளைக்குப் பயிற்சி தருகிறது. கழுத்துக்கும் வயிற்றுக்கும் தருவதில்லை.

மிச்சம் என்ன?

'லைவ் ஃபார் ஸ்பீட்' செத்துப்போகவில்லை. 2015 டிசம்பரில் எஸ்3 கட்டம் வந்தது. அதோடு இங்கிலாந்தின் ராக்கிங்ஹாம், அவர்களுடைய முதல் நிஜத் தடம். 2001-ல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தில் 2018-ம் ஆண்டோடு பந்தயங்கள் நின்றுவிட்டன. இடம் கைமாறி வாகனங்களை நிறுத்தி வைக்கும் இடமானது. இன்று ராக்கிங்ஹாமில் பந்தயம் ஓட்ட வேண்டுமென்றால் சிமுலேட்டரைத்தான் திறக்க வேண்டும். அசல் போய்விட்டது, நகல் நிற்கிறது. 2021 இறுதியில் ரசிகர்களே கார்களை உருவாக்கிச் சேர்க்கும் வசதியும் வந்தது. ஒரு காருக்காகப் பத்தாண்டு காத்திருந்தவர்கள் கையில் பட்டறைச் சாவியே கிடைத்தது!

அந்த மூவர் செய்தது சரியா? குறையோடு சிரோக்கோவை வெளியிட்டிருந்தால் பெரும்பாலானவர்கள் கண்டுபிடித்திருக்கவே மாட்டார்கள். விற்பனை கூடியிருக்கலாம். ஆனால் வாங்குபவருக்குத் தெரியாது என்பதற்காகத் தனக்குத் தெரிந்த பிழையை விற்க ஒருவர் மறுத்தால், அதைப் பிடிவாதம் என்று மட்டும் ஒதுக்க முடியாது. அதே சமயம், வாக்குக் கொடுத்துவிட்டு அமைதியாக இருப்பதும் வாடிக்கையாளருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அவர்களிடம் தப்பு என்று ஒன்றைச் சொன்னால், காரை நிறுத்தி வைத்ததைச் சொல்ல முடியாது. கணக்கு முடியும் முன்பே அறிவித்ததைத்தான் சொல்ல வேண்டும்.

இலவசப் பதிப்பு இப்போதும் கிடைக்கிறது. பிளாக்வுட்டில் பத்து சுற்று ஓட்டிவிட்டு எஃப்9-ஐத் தட்டிப் பாருங்கள். உங்கள் அவசரமெல்லாம் அந்த நான்கு டயர்களில் எழுதியிருக்கும்.