பட்டமும் பதவியும்: இந்திய நீதிமன்றங்களிற் சமதர வழக்குகள்

ஒரு பட்டம் இன்னொரு பட்டத்திற்குச் சமமானதா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு அலுவலகக் கோப்புகளுள் அடங்கிவிடும் சிறு வினாவாகவே தோன்றும். ஆனால், பகலிற் கற்பித்து இரவிற் கற்றுப் பட்டம் பெற்ற ஆசிரியர் ஒருவர் பதவியுயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, அதுவே அவரது வாழ்க்கையின் வினாவாகி விடுகின்றது. அவர் பெற்ற பட்டத்தின் தரத்தை மதிப்பிட வல்லவர் யார்? பட்டம் வழங்கிய பல்கலைக்கழகமா, பதவி வழங்கும் அரசா, அறிஞர் குழுவா, நீதிமன்றமா? இந்தியாவில் இவ்வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளை நிரல்பட நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா நமக்கும் புதியதன்று. 1921ஆம் ஆண்டிற் கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி தானே பட்டம் வழங்கும் உரிமையைப் பெற்றிருக்கவில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தேர்வுகளுக்கே தோற்றினர். அளவுகோல் ஒன்றாக இருக்கும்வரை ஒப்பீட்டுக்கு இடமில்லை. அளவுகோல்கள் பலவாகும்போதே சமதரம் என்னும் சிக்கல் பிறக்கின்றது.

இந்தியாவில் நிகழ்ந்ததும் இதுவே. 1857இற் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்ட பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. இருபதாம் நூற்றாண்டிற் பல்கலைக்கழகங்களின் தொகை பெருகவே, ஒன்றின் பட்டத்தை மற்றொன்று ஏற்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டியதாயிற்று. 1925இற் பல்கலைக்கழகங்களிடை வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. இலங்கைப் பல்கலைக்கழகமும் பிற்காலத்தில் அதன் உறுப்பாக விளங்கியது மனங்கொள்ளத்தக்கது. 1973இல் அவ்வாரியம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனினும், பல்கலைக்கழகங்கள் தமக்குள் கண்ட உடன்பாடு, பதவிக்குப் போட்டியிட்ட இருவருக்கிடையே எழுந்த வழக்கைத் தீர்க்கப் போதுமானதாக இருக்கவில்லை.

அறிஞர் குழுவின் தீர்ப்பு

இத்துறையின் முதன்மையான வழக்கு, மைசூர்ப் பல்கலைக்கழகத்திற்கும் கோவிந்த ராவ் என்பவருக்கும் இடையே எழுந்ததாகும். ஆங்கிலத்துறையில் 'ரீடர்' பதவிக்கு இந்தியப் பல்கலைக்கழகமொன்றின் முதல் வகுப்பு அல்லது உயர்ந்த இரண்டாம் வகுப்பு முதுகலைப் பட்டம், அல்லது அதற்குச் சமமான வெளிநாட்டுத் தகைமை வேண்டும் என விளம்பரம் கூறியது. தெரிவு செய்யப்பட்டவர் இந்தியப் பல்கலைக்கழகத் தேர்விற் பெற்றிருந்தது 50.2 வீதப் புள்ளிகளாகும். அவரிடம் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக முதுகலைப் பட்டமும் இருந்தது. 'எவ்வுரிமையில் இப்பதவியை வகிக்கின்றீர்?' என வினவும் பேராணை வேண்டி வழக்குத் தொடுக்கப்பட்டது. 50.2 வீதத்தை உயர்ந்த இரண்டாம் வகுப்பு எனக் கொள்ளல் இயலாது என்று கருதிய மேல் நீதிமன்றம் நியமனத்தை நீக்கியது.

1963 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நீதியரசர் கஜேந்திரகட்கர், விளம்பரத்தின் 'அல்லது' என்னும் சொல்லை நினைவூட்டினார். இந்தியப் பட்டம் குறைவுற்றதாயினும், வெளிநாட்டுத் தகைமை அதனை ஈடுசெய்யலாம். அது சமமானதா என முடிவு செய்வதற்குரியோர் அத்துறை அறிஞரே. அறிஞர் குழு நேர்மையாக எடுத்த முடிவிற் குறுக்கிட நீதிமன்றங்கள் எளிதில் முன்வரலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பின்வந்த எண்ணற்ற வழக்குகளுக்கு இதுவே அடித்தளமாயிற்று.

1974இல் இக்கொள்கை மேலும் உறுதிபெற்றது. மாநிலங்களின் சீரமைப்புக்குப் பின்னர் ஆந்திரப் பிரதேசத்தில் ஒன்றிணைக்கப்பட்ட பொறியியற் சேவையிற் பதவியுயர்வு குறித்து எழுந்த முகம்மது சுஜாத் அலி வழக்கு ஆசிரியர் பற்றியதன்று. ஆயினும் அதில் வகுக்கப்பட்ட நெறி ஆசிரியர் வழக்குகளுக்கும் பொருந்துவதாயிற்று. கல்வித் தகைமைகளின் சமதரம் நுட்பமானதொரு வினா. அறிஞர் குழுவின் பரிந்துரையைத் தழுவி அரசு எடுத்த முடிவு, நியாயமற்றதாகவோ தீய நோக்குடையதாகவோ இருந்தாலன்றி நீதிமன்றம் அதனைக் கலைக்காது என்பதே அந்நெறி.

எனினும் நீதிமன்றம் முற்றாக ஒதுங்கி நின்றதெனக் கூறல் பொருந்தாது. அலகபாத் பல்கலைக்கழக ரீடர் பதவிகள் பற்றிய 1980ஆம் ஆண்டு வழக்கில், 'உயர்ந்த இரண்டாம் வகுப்பு' என்னும் அதே தொடர் மீண்டும் சிக்கலாயிற்று. நீதியரசர் கிருஷ்ண ஐயர், இரண்டாம் வகுப்பின் தொடக்கத்திற்கும் முதல் வகுப்பின் தொடக்கத்திற்கும் இடைப்பட்ட நடுப்புள்ளிக்கு மேற்பட்டதே 'உயர்ந்தது' எனப் பொருள் கண்டார். தரத்தை அளப்பது அறிஞர் பணி, விதியின் சொல்லுக்குப் பொருள் காண்பது நீதிபதியின் பணி என்னும் வேறுபாடு இங்கே தெளிவாகின்றது.

உயர்வு வேறு, சமம் வேறு

பள்ளி ஆசிரியர் வழக்குகளில் இவ்வினா மற்றொரு வடிவம் பெற்றது. கேரளத்திலிருந்து எழுந்து 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த லதா வழக்கில், ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பதவிக்கு ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் கேட்கப்பட்டிருந்தது. கல்வியியல் இளமாணிப் பட்டம் பெற்றோர், தமது தகைமை அதனினும் உயர்ந்ததெனவே தம்மையும் ஏற்கவேண்டும் என வாதாடினர். நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி தனித்தன்மையுடையது. பட்டம் பெரிதென்பதனால் அப்பயிற்சிக்கு ஈடாகாது என்றது. இந்தியாவின் ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவித்தல், அப்பட்டதாரிகளையும் ஆரம்ப வகுப்புகளுக்குத் தகுதியுடையோராக்கியது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவ்வறிவித்தல் செல்லாதெனத் தீர்த்தது. சமதரம் என்பது ஏணிப்படிகளின் உயரத்தைப் பொறுத்ததன்று, செய்யவேண்டிய பணியைப் பொறுத்தது என்னும் உண்மையை இவ்வழக்குகள் நிலைநாட்டின.

காலங் கடந்து வந்த விதி

மிக அதிகமானோரைத் தாக்கிய சிக்கல் தொலைக்கல்வியினால் எழுந்தது. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1982இல் ஆந்திரப் பிரதேசத்திலும், 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக்கழகம் என்னும் பெயரில் நாடு தழுவியும் திறந்த பல்கலைக்கழகங்கள் தோன்றின. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்க்கும், பணியில் அமர்ந்தபின் மேற்படிப்பை நாடிய ஆசிரியருக்கும் இது பெரும் வாய்ப்பாயிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலை முறையில், இளமாணிப் பட்டம் இன்றியே முதுகலைப் பட்டம் பெறவும் வழி இருந்தது.

தமிழ்நாடு திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தின் முதல்வர் பதவி தொடர்பான வழக்கு இவ்வழியைச் சோதித்தது. பல்கலைக்கழக மானிய ஆணைக்குழு 1985இல் வகுத்த விதிகள், முதற்பட்டம் பெறாதார் முதுகலைப் பட்டத்திற்குத் தகுதியற்றவர் என்றன. திறந்த பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் அமைந்த தொலைக்கல்விக் குழுவின் ஏற்பு இக்குறையை நீக்குமா என்பதே வினா. நீக்காது என 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதனையடுத்து, உரிய பள்ளித் தேர்வுகளிற் சித்தியடையாது திறந்த பல்கலைக்கழகங்களிற் பெற்ற பட்டங்கள் அரசுப் பணிகளுக்கு ஏற்கத்தக்கனவல்ல எனத் தமிழ்நாட்டரசு 2009 ஆகஸ்டில் ஆணை பிறப்பித்தது.

ஈண்டு ஒரு மாற்றத்தைக் காண்கின்றோம். 1963இல் வினா, 'இப்பட்டத்தின் தரம் யாது?' என்பதாக இருந்தது. 2009இல் அது, 'இப்பட்டம் விதிப்படி வழங்கப்பட்டதா?' என்பதாக மாறியது. அறிஞரின் இடத்தை ஒழுங்குவிதி கைப்பற்றியது. பட்டத்தை வழங்கியது சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம். கட்டணம் பெற்றதும் அதுவே. விளைவைச் சுமந்தவரோ அதனை நம்பிப் பயின்றவர். இதே போக்கின் தொடர்ச்சியாக, ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதார் பதவியுயர்வு பெறல் இயலாது என 2025 செப்டெம்பர் முதல் நாளில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அத்தேர்வு நடைமுறைக்கு வருமுன்னரே நியமனம் பெற்றுப் பல்லாண்டு கற்பித்தவரையும் அத்தீர்ப்பு தொட்டது.

நீதிமன்றத்தைக் குறைகூறுவது எளிது. ஆனால் நியாயம் ஒருபக்கம் மட்டும் நிற்பதில்லை. விதிக்கு அமையாத பட்டத்தை இரக்கத்தால் ஏற்றுக்கொண்டால், மூன்றாண்டு முறையாகப் படித்துக் காத்திருக்கும் மற்றோர் ஆசிரியர் பின்தள்ளப்படுவார். விளம்பரத்தைப் பார்த்துத் தமக்குத் தகுதியில்லையென விண்ணப்பிக்காதிருந்தவர்க்கும் அநீதி நேரும். வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவரின் நலனும் உண்டு. அவர்களுட் பெரும்பாலோர் வழக்காட முடியாதவர்கள்.

எனவே, இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றே எனலாம். சமதரம் என்பது பட்டத்தாளில் உறைந்து கிடக்கும் இயல்பன்று. அது ஒரு காலத்தில், ஓர் அமைப்பினால், ஒரு பணியை முன்னிட்டு எடுக்கப்படும் தீர்மானம். அத்தீர்மானம் தவிர்க்க முடியாததாயின், மாணவர் கற்கைநெறியிற் சேர்வதற்கு முன்னரே அது எடுக்கப்பட்டு எல்லோரும் அறிய வெளியிடப்படல் வேண்டும். பதவியுயர்வுப் பட்டியல் வெளிவந்தபின் எடுக்கப்படுமாயின், எவ்வளவு சரியான தீர்மானமும் ஒருவருக்கேனும் அநீதியாகவே முடியும். புதிய கற்கைநெறிகளையும் வெளிவாரிப் பட்டங்களையும் வகுக்கும் பல்கலைக்கழகங்கள், 'இதனைக் கற்றவர் எப்பணிக்கு ஏற்கப்படுவார்?' என்னும் வினாவுக்கு விடை கண்ட பின்னரே கதவைத் திறத்தல் வேண்டும். நம்பி வந்து சேரும் மாணவர்க்கு அவை ஆற்றவேண்டிய முதற்கடன் இதுவேயாகும்.