பெருங்குடல் உள்நோக்கல்

பெருங்குடல் உள்நோக்கல்: ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் உட்சுவரைப் பார்த்து, புற்றுநோயையும் அதற்கு முன்னோடியான ‘பாலிப்’ என்னும் சதை வளர்ச்சியையும் கண்டறியும் முறை. இதில் இரண்டு வழிகள் உண்டு. வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பார்ப்பது கொலோனோஸ்கோபி. பேச்சுவழக்கில் ‘குழாய் விட்டுப் பார்ப்பது’. சி.டி. ஸ்கேன் படங்களைக் கொண்டு குடலின் உட்புறத்தைக் கணினித் திரையில் எழுப்பிப் பார்ப்பது மெய்நிகர் கொலோனோஸ்கோபி.

முன்பெல்லாம் பேரியம் கரைசலை எனிமாவாகக் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்றிருந்த விறைப்பான உலோகக் குழாய் மலக்குடலைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போகும். அதற்கு மேல் வளைவுகளில் திரும்பாது. 1954இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் மெல்லிய கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டியபோது தடை நீங்கியது. 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அந்த இழைகளால் இரைப்பையைப் பார்த்தார். 1969இல் நியூயார்க் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் அதைப் பெருங்குடலுக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில், குழாய்க்குள் கம்பிச் சுருக்கு ஒன்றை அனுப்பி, பாலிப்பின் காம்பில் மாட்டி இறுக்கி, மின்சாரம் பாய்ச்சி அறுத்தெடுத்தார்கள். இந்த வரலாற்றில் ஆகப் பெரிய திருப்பம் அந்தக் கம்பிச் சுருக்குதான். பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகள் வரை ஆகும். அதற்குள் அறுத்துவிட்டால் அந்தப் பாலிப் புற்றாக மாறாது. வயிற்றைத் திறக்காமல் இது கைகூடியது அப்போதுதான்.

இரண்டாவது வழி காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனிலிருந்து பிறந்தது. 1971இல் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்த அந்தக் கருவி, சுருள்போலச் சுற்றிப் படமெடுக்கும் முறை வந்தபின் ஒரே மூச்சடக்கலில் வயிறு முழுவதையும் எடுக்கும் வேகம் பெற்றது. 1994இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் டேவிட் வைனிங் அந்தப் படங்களைக் கோத்து, குடலுக்குள் பறந்து செல்வதுபோல் காட்டினார். 2003இல் பெரி பிக்ஹார்ட் குழுவினர், அறிகுறி ஏதும் இல்லாத 1,233 பேருக்கு இரண்டு சோதனைகளையும் செய்து ஒப்பிட்டார்கள். 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள பாலிப்களைப் பிடிப்பதில் மெய்நிகர் முறை 93.8 விழுக்காடு, குழாய் முறை 87.5 விழுக்காடு.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஸ்கேனே போதும் என்று முடிவு கட்டக் கூடாது. 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றிலும் தட்டையானவற்றிலும் ஸ்கேன் தடுமாறும். எதையாவது கண்டால் அகற்றுவதற்குக் குழாயிடம்தான் திரும்பி வரவேண்டும். மயக்க மருந்து வேண்டாம், குடல் கிழியும் ஆபத்து மிகக் குறைவு என்பவை ஸ்கேனின் நிறைகள். சிறிதளவு கதிர்வீச்சு அதன் குறை. நெதர்லாந்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில் குழாய்ச் சோதனைக்கு அழைத்தவர்களில் 22 விழுக்காட்டினர் வந்தார்கள், ஸ்கேனுக்கு 34 விழுக்காட்டினர். வந்தவர்களிடையே குழாய் கூடுதலாகக் கண்டுபிடித்தது. அழைக்கப்பட்டவர்கள் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. குழாயைப் பற்றிய தயக்கம் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதையே இது காட்டுகிறது.

தென்தமிழகத்தில் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் சார்ந்த கரிசல் பூமிக்கு இந்த ஒப்பீடு வேறு விதமாகப் பொருந்துகிறது. ஸ்கேன் என்றால் பேதி மருந்து வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் தவறு, வழக்கமாக இரண்டுக்குமே குடல் சுத்தமாக வேண்டும். விளக்கெண்ணெய் குடித்துப் பேதிக்கு எடுத்துப் பழகிய ஊர்தான் இது. ஆனாலும் முதல்நாள் மாலை லிட்டர் கணக்கில் மருந்துக் கரைசலைக் குடித்துவிட்டுப் பத்துத் தடவைக்கு மேல் வெளிக்குப் போவதற்கு வீட்டில் கழிப்பறையும் குடம் குடமாகத் தண்ணீரும் வேண்டும். தண்ணீருக்காகக் காத்துக் கிடக்கும் வீட்டில் இது சின்னக் காரியமில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கோ காட்டுவேலைக்கோ போகிறவருக்கு, திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போய்வரும் நாளின் கூலியும் போய்விடும்.

இதைவிடப் பெரிய தடை ஒரு சொல்: மூலம். மலத்தோடு ரத்தம் போனால் ‘சூடு’ என்று மோரும் வெந்தயமும் குடிப்பார்கள். நிற்காவிட்டால் பேருந்து நிலையச் சுவரில் எழுதியிருக்கும் ‘மூலம் பௌத்திரம்’ வைத்தியரிடம் போவார்கள். பலருக்கு அது மூலமாகவே இருக்கலாம். உள்ளே பார்க்காமல் அதை யாரும் சொல்ல முடியாது. மாதங்கள் இப்படியே ஓடி, உடல் இளைத்து, ரத்தசோகையோடு மருத்துவமனைக்கு வருபவருக்கு ஸ்கேனா குழாயா என்ற கேள்வியே இல்லை. பார்க்கவும் சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பவும் குழாய்தான் வேண்டும். குழாய் முழுதும் போக முடியாத குடலுக்கும், மயக்கம் தாங்காத முதியவருக்கும் மெய்நிகர் முறை நல்ல துணை.

அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதில் சோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள்: குழாய் பத்தாண்டுக்கு ஒருமுறை, ஸ்கேன் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. நோய் விகிதம் அங்கிருப்பதைவிடக் குறைவாக உள்ள இந்தியாவில், 30 வயது கடந்தோருக்கான அரசுப் புற்றுநோய்ச் சோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையும் மட்டும் முன்வைத்து அமைந்தது. ஆகவே இங்கே முதல் சோதனையைக் கேட்டுப் பெற வேண்டியவர் நோயாளிதான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் 40 வயதிலேயே மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம் கண்டால் வயதைப் பார்க்காதீர்கள். மூலம் என்று நீங்களே பெயர் வைக்காமல், உள்ளே பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.